சிலோன் கப்பலில் வந்தவர்களும் காரித்தாஸ் உண்டியலும்

(வானொலியில் ஒலிபரப்பான தவக்கால மறையுரை)



தவக்காலம் தொடங்கியதும் நம் ஆலயங்களில் ஓர் உண்டியல் வைக்கிறோம். மறைக்கல்வி மாணவர்களுக்குச் சிறிய அட்டைப் பெட்டிகளைக் கொடுத்து, மிட்டாய்க்கும் தின்பண்டத்துக்கும் செலவிடும் காசை அதில் சேர்க்கச் சொல்கிறோம். சில வீடுகளில் அம்மாமார் உலை வைக்கும்போதெல்லாம் ஒரு பிடி அரிசியைத் தனிப் பானையில் எடுத்து வைக்கிறார்கள். பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை, "இன்றைய காணிக்கை காரித்தாஸ் பணிக்காக" என்று பீடத்திலிருந்து அறிவிக்கிறோம்.

அந்தக் காணிக்கை எங்கே போகிறது, யார் கையில் சேருகிறது, எப்போது தொடங்கிய வழக்கம் இது என்று நம்மில் பலர் கேட்டிருக்கலாம். கேட்பது நல்லதுதான். கொடுப்பவருக்குக் கேட்கும் உரிமை உண்டு. ஆகவே இன்று காரித்தாஸின் வரலாற்றைச் சற்று நிதானமாகப் பார்ப்போம். அந்த வரலாற்றின் நடுவே நம் நீலகிரி மலையின் கதையும் வருகிறது. அதையும் சேர்த்தே பார்ப்போம்.

முதலில் அந்தியோக்கியாவுக்குப் போவோம். திருத்தூதர் பணிகள் நூலின் 11-ஆம் அதிகாரத்தின் கடைசிப் பகுதியை வீட்டில் எடுத்து வாசித்துப் பாருங்கள். கிலவுதியு பேரரசர் காலத்தில் பெரும் பஞ்சம் வரும் என்று அகபு என்னும் இறைவாக்கினர் அறிவிக்கிறார். உடனே அந்தியோக்கியாவின் சீடர்கள் அவரவர் சக்திக்கு ஏற்பப் பணம் சேர்த்து, யூதேயாவில் வாழ்ந்த சகோதரர்களுக்கு அனுப்ப முடிவு செய்கிறார்கள். பர்னபாவும் சவுலும் அதைக் கொண்டுபோய் மூப்பர்களிடம் ஒப்படைக்கிறார்கள். திருச்சபை வரலாற்றில் ஓர் ஊர் இன்னோர் ஊருக்கு அனுப்பிய நிவாரண உதவிகளில் நமக்குத் தெரிந்தவரை இதுவே முதலாவது.

இந்தச் சில வசனங்களில் எத்தனை செய்திகள் இருக்கின்றன, பாருங்கள். பணக்காரர் மட்டும் கொடுக்கவில்லை. எல்லாரும் தம்தம் சக்திக்கு ஏற்றவாறு கொடுத்தார்கள். அந்தியோக்கியச் சபையில் கிரேக்கர்கள் இருந்தார்கள், பஞ்சத்தில் தவிக்கப் போகிறவர்களோ யூதர்கள். "நம் ஆட்களா?" என்று யாரும் கேட்கவில்லை. பணத்தையும் கண்டபடி அனுப்பவில்லை, நம்பிக்கைக்குரிய இருவர் கையில் கொடுத்தார்கள். பின்னாளில் எருசலேம் ஏழைகளுக்காகக் கொரிந்து நகரில் நிதி திரட்டும்போதும் பவுல் இந்த விஷயத்தில் மிகவும் கவனமாக இருக்கிறார். இவ்வளவு பெரிய தொகையைக் கையாளும்போது தம்மீது யாரும் குறை சொல்ல இடம் வைக்கக் கூடாது என்பதற்காகவே, சபைகள் தேர்ந்தெடுத்த ஒருவரைத் தம்முடன் அழைத்துப் போகிறார். கணக்கு எழுதுவதும் தணிக்கை செய்வதும் உலகத்து வேலை, ஆன்மிகத்துக்குப் புறம்பானது என்று நினைப்பவர்கள் கொரிந்தியருக்கு எழுதிய இரண்டாம் திருமுகத்தின் 8-ஆம் அதிகாரத்தை ஒருமுறை வாசிக்க வேண்டும்.

இந்த வழக்கம் திருச்சபையில் நின்றுபோகவில்லை. ரோம் நகரில் ஏழைகளின் பங்கைக் கவனித்துவந்தவர் திருத்தொண்டர் லாரன்ஸ். 258-ஆம் ஆண்டு, திருச்சபையின் செல்வங்களைக் கொண்டுவரச் சொன்ன அதிகாரியின்முன் அவர் ஏழைகளைக் கொண்டுவந்து நிறுத்தினார் என்று மரபு சொல்கிறது. அதற்கு நூறு ஆண்டுகளுக்குப் பின், கிறிஸ்தவத்தை வெறுத்த ஜூலியன் பேரரசரே, இந்தக் கலிலேயர்கள் தங்கள் ஏழைகளோடு நம் ஏழைகளுக்கும் சோறு போடுகிறார்களே என்று அங்கலாய்த்து எழுதினார். நம் முன்னோர் வாங்கிய நற்சான்றிதழ்களில் பகைவரிடமிருந்து வந்த அதுவே சிறந்தது என்று சொல்லலாம்.

இனி நம் காலத்துக்கு வருவோம். ‘காரித்தாஸ்’ என்பது லத்தீன் சொல். அன்பு என்று பொருள். 1897-இல் ஜெர்மனியில் லோரன்ஸ் வெர்த்மான் என்னும் மறைமாவட்டக் குரு இந்தப் பெயரில் ஓர் அமைப்பைத் தொடங்கினார். அப்போது அங்கே கத்தோலிக்க மருத்துவமனைகளுக்கும் அநாதை இல்லங்களுக்கும் பஞ்சமில்லை. ஆனால் ஒவ்வொன்றும் தனித்தனியே இயங்கியது, ஒன்று செய்வது மற்றதற்குத் தெரியாது. ஆலைத் தொழில் பெருகி, கிராமத்து மக்கள் நகரங்களில் வந்து குவிந்த காலம் அது. தனித்தனிக் கைகளால் அந்தத் துயரத்தைத் தாங்க முடியவில்லை. வெர்த்மான் அந்தக் கைகளை ஒன்றாகக் கோத்தார்.

இரண்டு உலகப் போர்கள் முடிந்து, ஐரோப்பா முழுவதும் அகதிகள் அலைந்துகொண்டிருந்தபோது, பல நாடுகளின் காரித்தாஸ் அமைப்புகள் 1951-இல் ரோமில் கூடி ‘காரித்தாஸ் இன்டர்நேஷனலிஸ்’ என்னும் கூட்டமைப்பை உருவாக்கின. அதற்குப் பின்னால் நின்று ஊக்கம் தந்தவர்களில் ஒருவர் வத்திக்கானில் அப்போது பணியாற்றிய மொந்தினி என்னும் குரு. அவரே பின்னாளில் திருத்தந்தை ஆறாம் பவுல் ஆனார். அந்தப் பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், சற்று நேரத்தில் அவர் நம் நாட்டுக்கே வரப்போகிறார்.

நம் நாட்டில் 1944-இல் சென்னையில் கூடிய ஆயர்கள் இந்தியக் கத்தோலிக்க ஆயர் பேரவையை அமைத்தார்கள். அந்தப் பேரவை 1962-இல் காரித்தாஸ் இந்தியாவைத் தொடங்கியது. இரண்டாம் வத்திக்கான் சங்கம் தொடங்கியதும் அதே ஆண்டுதான். தலைமை அலுவலகம் டெல்லியில் இருக்கிறது. ஆனால் ஒரு புயலோ வெள்ளமோ வந்தால் டெல்லியிலிருந்து ஆட்கள் வரும்வரை யாரும் காத்திருப்பதில்லை. ஒவ்வொரு மறைமாவட்டத்திலும் சமூகப் பணிச் சங்கம் ஒன்று இருக்கிறது. அதன் கீழே பங்குகள், பங்குகளுக்குள் அன்பியங்கள். எந்தத் தெருவில் எந்தக் கிழவி தனியாக இருக்கிறார், எந்த வீட்டின் கூரை பறந்துபோயிற்று என்பது அன்பியத்துக்குத்தான் முதலில் தெரியும். அந்தச் செய்தி மேலே போகிறது, உதவி கீழே வருகிறது. காரித்தாஸ் என்னும் மரத்துக்கு டெல்லியில் கிளை இருக்கலாம். வேர் இருப்பது நம் பங்குகளில்தான்.

தொடங்கிய சில ஆண்டுகளிலேயே அதற்குக் கடுமையான சோதனை வந்தது. 1966-67-இல் பீகாரில் மழை பொய்த்துப் பெரும் வறட்சி. தானியம் கொண்டுபோய்க் கொடுத்தால் இன்று சாப்பிடுவார்கள், அடுத்த ஆண்டு மழை பொய்த்தால் என்ன செய்வார்கள் என்னும் கேள்வி எழுந்த காலம் அது. 1966-இல் கத்தோலிக்கத் திருச்சபையும் பிற கிறிஸ்தவ சபைகளும் சேர்ந்து ‘அஃப்ரோ’ என்னும் அமைப்பை ஏற்படுத்தின. உணவு விளைச்சலும் தண்ணீரும் அதன் அக்கறை. கத்தோலிக்கரும் புரோட்டஸ்டண்டு சகோதரர்களும் ஒரே மேசையில் உட்கார்ந்து பேசுவதே அரிதாக இருந்த நாள்களில், வறண்ட கிணறு அவர்களை ஒன்று சேர்த்தது.

அடுத்து 1971. கிழக்குப் பாகிஸ்தானில் நடந்த கொடுமைகளுக்குத் தப்பி ஏறத்தாழ 1 கோடி மக்கள் எல்லை தாண்டி வந்தார்கள். வந்தவர்களில் பெரும்பாலோர் இந்துக்கள், இஸ்லாமியரும் ஏராளம், கிறிஸ்தவர்கள் மிகச் சிலரே. வங்காளத்து முகாம்களில் காரித்தாஸ் இந்தியா உணவும் மருந்தும் கொடுத்தது. யாரிடமும் ஞானஸ்நானச் சான்றிதழ் கேட்கவில்லை.

இனி நம் மலைக்குத் திரும்புவோம். அதற்குக் காரித்தாஸ் இந்தியாவுக்கு இரண்டு வயதாக இருந்த 1964-ஆம் ஆண்டின் கடைசி மூன்று மாதங்களை நினைத்துப் பார்க்க வேண்டும்.

அக்டோபர் 30-ஆம் நாள் டெல்லியில் நம் பிரதமர் லால் பகதூர் சாஸ்திரியும் இலங்கைப் பிரதமர் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் ஓர் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார்கள். இலங்கையின் மலைத் தோட்டங்களில் நாடற்றவர்களாக நின்ற ஏறத்தாழ 9,75,000 தமிழர்களில் 5,25,000 பேரை இந்தியா ஏற்றுக்கொள்ளும், 3,00,000 பேருக்கு இலங்கை குடியுரிமை கொடுக்கும், மீதமுள்ளவர்களைப் பற்றிப் பிறகு பேசுவோம் என்பது ஒப்பந்தம். அந்த மீதிப் பேரை 1974-இல் பாதிப் பாதியாகப் பிரித்துக்கொண்டார்கள். அந்த மக்களில் ஒருவரிடமாவது "உனக்கு எங்கே வாழ ஆசை?" என்று ஒப்பந்தத்துக்கு முன்னால் கேட்டதாகத் தெரியவில்லை.

டிசம்பர் தொடக்கத்தில், திருத்தந்தை ஆறாம் பவுல் நற்கருணை மாநாட்டுக்காகப் பம்பாய் வந்தார். இந்திய மண்ணில் கால் வைத்த முதல் திருத்தந்தை அவர்தான். உலக நாடுகள் ஆயுதங்களுக்குச் செலவிடும் பணத்தில் ஒரு பகுதியை ஏழைகளுக்கான உலக நிதியாக ஒதுக்க வேண்டும் என்று அங்கிருந்து வேண்டுகோள் விடுத்தார். தாம் பயணம் செய்த காரை அன்னை தெரசாவிடம் கொடுத்துவிட்டுப் போனார். அன்னை அதில் ஏறிச் செல்லவில்லை, குலுக்கல் நடத்தி வந்த பணத்தைத் தொழுநோயாளருக்குச் செலவிட்டார்.

அதே டிசம்பர் 22-ஆம் நாள் இரவு தனுஷ்கோடியைப் புயல் விழுங்கியது. இலங்கைக்குப் போக வர இருந்த துறைமுகமும் ரயில் பாதையும் கடலோடு போயின. ஒரு பக்கம் லட்சக்கணக்கான மக்களை அழைத்துவர ஒப்பந்தம், மறு பக்கம் அவர்கள் வந்திறங்க இருந்த கரையே இல்லை. பிற்பாடு ராமேஸ்வரம் வழியாகக் கப்பல் ஓடியது. தலைமன்னாரிலிருந்து ‘ராமானுஜம்’ கப்பலில் வந்ததை நம் பங்குகளின் முதியவர்கள் இன்றும் சொல்வார்கள்.

இறங்கியவர்கள் முதலில் தங்கியது மண்டபம் முகாமில். அந்த முகாமின் வரலாறு நெஞ்சைத் தைப்பது. வெள்ளைக்காரர் காலத்தில் திருச்சி, புதுக்கோட்டை, மதுரை, ராமநாதபுரம், சேலம் பக்கங்களிலிருந்து பஞ்சத்துக்குப் பயந்து கங்காணிகளோடு புறப்பட்ட ஏழைகளை, நோய்நொடி இருக்கிறதா என்று பார்க்கத் தடுத்து வைத்த இடமும் அந்த மண்டபம்தான். பாட்டனை அனுப்பிய வாசல் வழியாகவே பேரன் திரும்பி வந்தான். பாட்டன் கையில் ஒரு தகரச் சீட்டு, பேரன் கையில் ஒரு குடும்ப அட்டை. இரண்டு பேருக்கும் போகிற ஊர் புதிது.

பல ஆண்டுகளாக நடந்த இந்தப் பயணத்தில் 4 லட்சத்துக்கும் மேற்பட்டோர் வந்து சேர்ந்தார்கள். 1984-இல் கப்பல் நின்றபோதுதான் அது நின்றது. மறுவாழ்வுப் பொறுப்பை அரசு ஏற்றது. சிலருக்கு நூற்பாலை, சிலருக்கு ரப்பர்த் தோட்டம், பலருக்கு வியாபாரக் கடன். தலைமுறை தலைமுறையாகக் கொழுந்து பறித்த கைக்குத் தராசு பிடிக்கத் தெரியாது. கடன் பணம் கரைந்தது, கடை மூடப்பட்டது. அப்படித் தவித்தவர்கள் தேயிலை எங்கே இருக்கிறது என்று விசாரித்து நம் மலைக்கு ஏறி வந்தார்கள். இவர்களுக்கு வேலை கொடுப்பதற்காகவே தமிழக அரசு 1968-இல் வனத்துறையின் மூலம் தேயிலை நடத் தொடங்கியிருந்தது. 1976-இல் அது தமிழ்நாடு தேயிலைத் தோட்டக் கழகம் ஆனது. நாம் ‘டேன்டீ’ என்று சொல்வது அதைத்தான். கூடலூர், பந்தலூர், சேரம்பாடி, கோத்தகிரி, குன்னூர் என்று இன்று பச்சைப் பசேலென்று தெரியும் பல சரிவுகளில் காட்டுச் செடிகளை வெட்டி, குழி தோண்டி, நாற்று நட்டவர்கள் அந்த மக்கள். அட்டைக்கடியும் குளிரும் மழையும் அவர்களுக்குப் பழக்கம்தான். ஏளனம்தான் பழகவில்லை. அங்கே இருந்தபோது அவர்களை ‘இந்தியாக்காரன்’ என்றார்கள், சிலர் ‘கள்ளத்தோணி’ என்றார்கள். இங்கே வந்ததும் நாம் ‘சிலோன்காரன்’ என்றோம்.

நம் உதகை மறைமாவட்டம் 1955-இல் மைசூரிலிருந்து பிரிந்து உருவானது. முதல் ஆயர் அந்தோணி படியறை ஆண்டகை, பின்னாளில் கர்தினால் ஆனவர். அவர் காலத்திலேயே இந்த மக்கள் வரத் தொடங்கிவிட்டார்கள். தோட்டத்துச் சிற்றாலயங்களிலும், அருள்சகோதரிகளின் மருந்தகங்களிலும் பள்ளிகளிலும் அவர்களில் பலர் முதன்முதலில் நிம்மதியாக உட்கார்ந்தார்கள். தங்களோடு அவர்கள் கொண்டுவந்தது அதிகம் இல்லை. ஒரு தகரப் பெட்டி, சில பாத்திரங்கள், கத்தோலிக்கராக இருந்தால் மடு மாதா படமும் கொச்சிக்கடை அந்தோனியார் படமும். அந்தப் படங்கள் இன்றும் சில வீட்டுச் சுவர்களில் தொங்குகின்றன. பின்னாளில் நம் ஆலயப் பாடகர் குழுக்களிலும் வின்சென்ட் தே பவுல் சபையிலும் முன்னின்று உழைத்தவர்களில் அந்த வீட்டுப் பிள்ளைகள் எத்தனை பேர்! பெற்றுக்கொண்டவர்கள் கொடுப்பவர்களாக ஆனார்கள்.

இதற்கு 2004 டிசம்பர் 26-ஆம் நாளும் சாட்சி. சுனாமி நம் தமிழகக் கரையைத் தாக்கிய அன்று நாகப்பட்டினம், வேளாங்கண்ணி, கடலூர், குளச்சல் என்று ஆயிரக்கணக்கான உயிர்கள் போயின. கிறிஸ்துமஸ் முடிந்து வேளாங்கண்ணி மாதாவைப் பார்க்கப் போயிருந்த திருப்பயணிகளும் அதில் உண்டு. தஞ்சை, கோட்டாறு, தூத்துக்குடி மறைமாவட்டங்களின் சமூகப் பணிச் சங்கங்கள் வழியாகக் காரித்தாஸ் இந்தியா களத்தில் இறங்கியது. முதல் வாரம் சோறு, துணி, மருந்து. பிறகு தற்காலிகக் குடில்கள். அதன்பின் படகு, வலை, நிலையான வீடு, மனம் உடைந்தவர்களுக்கு ஆற்றுப்படுத்துதல் என்று ஆண்டுக்கணக்கில் அந்தப் பணி நீண்டது. தொலைக்காட்சிக் கேமராக்கள் சில வாரங்களில் ஊர் திரும்பிவிட்டன. வலை பின்னக் கற்றுக்கொடுப்பவரும், இரவில் அலைச் சத்தம் கேட்டு அலறும் குழந்தையின் அருகில் உட்காருபவரும் திரும்பிப் போகவில்லை. நிவாரணப் பணியின் கடினமான பகுதி லாரிகள் போன பிறகுதான் தொடங்குகிறது.

அந்தக் கடினத்தை நம் மலையும் அறியும். 1993 நவம்பரில் மரப்பாலத்தில் மலை சரிந்தது. 2009 நவம்பரில் கேத்தியில் ஒரே நாளில் 800 மில்லிமீட்டருக்கு மேல் மழை கொட்டியது. அச்சனக்கல், குன்னூர், உதகை சுற்றுவட்டாரங்களில் வீடுகள் புதைந்தன, 40-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள், சாலைகளும் மலை ரயில் பாதையும் துண்டிக்கப்பட்டன. 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் மறுபடியும் அதே அளவு மழை. 2024 ஜூலை 30 அதிகாலையில், நம் பந்தலூருக்கு அண்டையில் உள்ள வயநாட்டில் முண்டக்கை, சூரல்மலை கிராமங்களை மண் மூடியது. 200-க்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். அவர்களில் தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களும் உண்டு. இப்படிப்பட்ட இரவுகளில் நம் பள்ளிக்கூடங்களும் ஆலய மண்டபங்களும் முகாம் ஆகின்றன. அப்போது பக்கத்துப் பாயில் படுத்திருப்பவர் எந்தச் சாதி, எந்த மதம் என்று யாரும் கேட்பதில்லை. விடிந்து, மழை விட்டு, ஒரு மாதம் போனபிறகுதான் நமக்கு அந்தக் கேள்விகள் ஞாபகம் வருகின்றன.

இந்த இடத்தில் திருச்சபை தெளிவான விதி ஒன்றை வைத்திருக்கிறது. 1994-இல் செஞ்சிலுவை இயக்கமும் உலகின் பெரிய நிவாரண அமைப்புகளும் சேர்ந்து ஒரு நடத்தை நெறியை வகுத்தபோது, காரித்தாஸ் இன்டர்நேஷனலிஸும் அதில் பங்கேற்றது. தேவை ஒன்றை மட்டுமே பார்த்து உதவ வேண்டும், உதவியைக் காட்டி எந்தக் கொள்கையையும் சமயத்தையும் திணிக்கக் கூடாது என்பது அதன் சாரம். திருத்தந்தை 16-ஆம் பெனடிக்ட் தம் முதல் சுற்றுமடலில், 2005-இல், இதையே இறையியல் மொழியில் சொன்னார். அன்புக்கு விலை கிடையாது, வேறு ஏதோ ஒன்றைச் சாதிப்பதற்கான கருவியாக அதை ஆக்கக் கூடாது என்பது அவர் போதனை. சோற்றைக் கொடுத்து மதத்தை மாற்றுகிறார்கள் என்று நம்மைப் பற்றிப் பேசுகிறவர்கள் உண்டு. அவர்களுக்கு நாம் கொடுக்க வேண்டிய பதில் வாய்ச்சொல் அல்ல. சோற்றைக் கொடுத்துவிட்டு, கைம்மாறு கேட்காமல் வீடு திரும்புவதுதான் பதில்.

சகோதர சகோதரிகளே, இந்த வரலாறு நமக்கு ஒரு கடனை நினைவூட்டுகிறது. எகிப்தில் நீங்களும் அந்நியராய் இருந்தீர்கள், ஆகவே அந்நியரை ஒடுக்காதீர்கள் என்று ஆண்டவர் இஸ்ரயேல் மக்களுக்குத் திரும்பத் திரும்ப நினைவூட்டினார். நம் மலையில் அந்த வார்த்தைக்கு இன்று ஒரு முகம் இருக்கிறது.

நம் தோட்டப் பிள்ளைகள் படித்துவிட்டுத் திருப்பூருக்கும் கோவைக்கும் போய்விட்டார்கள். பெற்றோர் பட்ட பாடு பிள்ளைகளுக்கு வேண்டாம் என்று நாம்தான் அனுப்பினோம். காலியான லைன் வீடுகளில் இப்போது ஜார்க்கண்ட், அசாம், ஒடிசா, பீகார் மாநிலங்களிலிருந்து வந்த குடும்பங்கள் தங்கியிருக்கின்றன. கொழுந்து பறிப்பதும், தொழிற்சாலையில் மூட்டை தூக்குவதும், கேரட் கழுவுவதும் அவர்கள்தான். அவர்களை நாம் எப்படி அழைக்கிறோம்? ‘இந்திக்காரன்’ என்கிறோம். ‘சிலோன்காரன்’ என்று கேட்டுக் கேட்டு நொந்துபோனவரின் பேரனும் அப்படி அழைக்கிறான் என்றால், வரலாறு நமக்கு என்னதான் கற்றுத் தந்தது?

அவர்களில் சிலர் நம் விசுவாசத்தைச் சேர்ந்தவர்கள் என்பதும் நம்மில் பலருக்குத் தெரியாது. 1885-இல் பெல்ஜியம் நாட்டு இயேசு சபைக் குரு கான்ஸ்டன்ட் லீவன்ஸ் சோட்டா நாக்பூருக்குப் போனார். நிலத்தைப் பறிகொடுத்துக்கொண்டிருந்த முண்டா, ஒராவோன் பழங்குடி மக்களுக்காக நீதிமன்றம்வரை துணை நின்றார். அந்த நாள் முதல் அங்கே வேரூன்றி வளர்ந்த திருச்சபையின் பிள்ளைகள் நம் ஆலயத்தின் கடைசி வரிசையில் வந்து நிற்கிறார்கள். மொழி புரியாமல் முழந்தாளிடுகிறார்கள், திருப்பலி முடிந்ததும் யாரிடமும் பேசாமல் போய்விடுகிறார்கள். மற்றவர்கள் இந்துக்களாகவோ, சர்னா வழிபாட்டினராகவோ, இஸ்லாமியராகவோ இருக்கலாம். அந்தியோக்கியா கேட்காத கேள்வியை நாமும் கேட்க வேண்டாம்.

அப்படியானால் என்ன செய்யலாம்? காரித்தாஸ் ஞாயிறன்று உண்டியலில் போடுங்கள், தாராளமாகப் போடுங்கள். அந்தப் பணத்தின் கணக்கையும் பங்குப் பேரவையில் கேளுங்கள். ஆனால் அதோடு முடித்துக்கொள்ள வேண்டாம். ஒவ்வோர் அன்பியமும் தன் எல்லையில் உள்ள வெளிமாநிலக் குடும்பங்களின் பெயர்களைத் தெரிந்துகொள்ளட்டும். பெயர் தெரிந்தால் ‘இந்திக்காரன்’ என்ற சொல் தானாக விலகிவிடும். ஊரில் வாங்கிய ரேஷன் அட்டையைக் கொண்டு ‘ஒரே நாடு ஒரே ரேஷன்’ திட்டத்தில் இங்கேயும் அரிசி வாங்கலாம் என்பது அவர்களில் பலருக்குத் தெரிவதில்லை. கடைவரை கூடப் போய்ச் சொல்லிக்கொடுக்க ஓர் இளைஞர் போதும். அவர்கள் பிள்ளைகள் பகலெல்லாம் லைன் வாசலில் விளையாடிக்கொண்டிருந்தால், பக்கத்து அரசுப் பள்ளித் தலைமையாசிரியரிடம் அழைத்துப் போங்கள். நம் பாடகர் குழு மாதம் ஒருமுறை ஓர் இந்திப் பாடல் கற்றுக்கொண்டு பாடினால் ஆலயம் ஒன்றும் இடிந்துவிடாது.

பழைய கடன் ஒன்றும் இன்னும் தீரவில்லை. டேன்டீ நிலங்களில் ஒரு பகுதி மறுபடி வனத்துறைக்குப் போகிறது. பணி ஓய்வு பெற்றவர்கள் தாங்கள் பிள்ளை பெற்று வளர்த்த லைன் வீட்டைக் காலி செய்ய வேண்டிய நிலை. நாற்பது ஆண்டுகள் கொழுந்து பறித்தவர், "ஐயா, இனி நாங்க எங்கே போறது?" என்று கேட்கும்போது, அது 1964-இல் யாரும் கேட்காமல் விட்ட அதே கேள்விதான். அவர்களுக்கு வீடு கிடைக்க அரசிடம் மனு எழுதவும், அலுவலகத்துக்குக் கூடப் போகவும், சாதிச் சான்றிதழுக்காக அலையும் பிள்ளைகளுக்குத் துணை நிற்கவும் படித்தவர்கள் முன்வர வேண்டும். இதுவும் நிவாரணப் பணிதான். புயல் அடிக்கும் அன்று மட்டும் தேவைப்படுகிற பணி அல்ல இது.

அந்தியோக்கியாவின் சீடர்கள் தங்கள் காணிக்கையை அனுப்பியபோது, அதை யார் உண்டார்கள் என்று அவர்களுக்குத் தெரியாது. யூதேயாவில் அதை வாங்கிய விதவைக்கும் கொடுத்தவர் பெயர் தெரியாது. இருவரையும் இணைத்தது ஆண்டவரின் அன்பு. நம் பிள்ளைகளின் அட்டைப் பெட்டிக்குள் விழும் நாணயமும், பானைக்குள் விழும் ஒரு பிடி அரிசியும் அதே வழியில்தான் போகின்றன. ஒரு காலத்தில் நம் வீடுகளுக்கும் அந்த வழியாகத்தான் உதவி வந்தது.

மன்றாடுவோம். அன்புத் தந்தையே, அந்நியராய் வந்த எங்கள் முன்னோர்க்கு இந்த மலையில் இடம் தந்தீர். இன்று வழி தெரியாமல் வந்து நிற்கும் சகோதர சகோதரிகளுக்கு எங்கள் வாசலைத் திறக்கும் மனத்தைத் தாரும். புயலிலும் வெள்ளத்திலும் நிலச்சரிவிலும் இறந்தோருக்கு இளைப்பாற்றியும், அவர்களை இழந்தோருக்கு ஆறுதலும் அருளும். ஓய்வின்றி உழைக்கும் நிவாரணப் பணியாளர் அனைவரையும் காத்தருளும். எங்கள் ஆண்டவராகிய இயேசு கிறிஸ்து வழியாக உம்மை மன்றாடுகிறோம். ஆமென்.